ஜிமேட்டுக்கு இன்னும் 18 நாள், வெர்பல் மட்டும் நகரவே மாட்டேங்குது... என்ன பண்றது?

இந்த தடவை வந்த கடிதம் நல்ல நீளம், அடையாளம் தெரியற விஷயம் எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கமா சொல்லிடறேன். எழுதினவருக்கு 27 வயசு, வேலைல இருக்கார், எம்பிஏவுக்கு அப்ளை பண்ணணும். அதுக்கு எழுதற நுழைவுத்தேர்வு ஜிமேட், அந்த தேதிக்கு இன்னும் 18 நாள், அப்ளிகேஷன் கடைசி தேதிக்கு 7 வாரம். நாலு மாசமா ராத்திரி 11 மணிக்கு மேல உக்காந்து படிக்கறார். ஜிமேட் நடத்தறவங்களே தர்ற ஆபீஷியல் மாக் (மாதிரி பரீட்சை) ரெண்டு எழுதிட்டார், ரெண்டுலயும் வெர்பல், அதாவது இங்கிலீஷ்ல படிச்சு யோசிச்சு பதில் போடற பகுதி, 76. கடைசி மாக்ல குவான்ட் (கணக்கு) 84, டேட்டா இன்சைட்ஸ் (தகவலை படிச்சு அலசறது) 79, மொத்தம் 595. "எனக்கு 700 வேணும் அக்கா, சீனியர் 2021ல 700 வாங்கி தான் போனார்"னு எழுதிருக்கார்.

வெர்பலை ஏத்த அவர் பண்ணிட்டு இருக்கறது: 3000 வார்த்தை இருக்கற ஒரு லிஸ்ட்டை மனப்பாடம் பண்றது, சீனியர் குடுத்த தடி கிராமர் புக்கை முடிக்கறது, அப்புறம் முதல் 10 கேள்வி தான் ஸ்கோரை முடிவு பண்ணும்னு யாரோ சொன்னதால அந்த பத்துல ஒண்ணு கூட தப்பாக கூடாதுனு நிதானமா போடறது. இது போதாதுனு ஒருத்தர் "இந்த மாசம் வந்த நிஜ கேள்விகள்"னு ஒரு பிடிஎஃப் காசுக்கு தரேன்னு சொல்லிருக்கார், வாங்கலாமானு கேக்கறார். கடைசி கேள்வி, தேதியை தள்ளி போட்டுடவா. நடுவுல ஒரு வரி: "எப்பவும் ரெண்டு ஆப்ஷன் வரைக்கும் வந்துடறேன், அங்க நான் எடுக்கறது மட்டும் கரெக்டா தப்பா இருக்கு, எனக்கு இங்கிலீஷ் அவ்ளோ தான் போல."

தம்பி, மேடம்னு ஆரம்பிச்சு ரெண்டாவது பாராவுலயே அக்காவா மாத்திட்டீங்க, அக்காவே இருக்கட்டும். உங்க கடிதத்துல நீங்களே பெருசா எடுத்துக்காம போற போக்குல எழுதின ஒரு விஷயம் இருக்கு, நான் அதை தான் மூணு தடவை படிச்சேன். கடைசி மாக்ல வெர்பலோட முதல் 10 கேள்விக்கு 27 நிமிஷம் ஆயிருக்கு, மீதி 13 கேள்வியை 18 நிமிஷத்துல முடிச்சிருக்கீங்க. முதல் பத்துல 3 தப்பு, கடைசி பதிமூணுல 8 தப்பு. மறுநாள் கடிகாரம் இல்லாம அந்த 8 கேள்வியை திரும்ப போட்டு பாத்திருக்கீங்க, 5 சரியா வந்திருக்கு.

அப்புறம் எப்படி இங்கிலீஷ் தெரியலைனு சொல்றீங்க? இங்கிலீஷ் தெரியாதவருக்கு மறுநாள் மட்டும் எப்படி தெரிஞ்சுது? 18 நாள்ல யாராலயும் மொழியை மாத்த முடியாது, நீங்க தலைகீழா நின்னாலும் நடக்காது. ஆனா ஒரு ஆப்ஷனை எந்த காரணத்துக்காக எடுக்கறோம்ங்கற பழக்கத்தை மாத்தலாம், நேரத்தை எங்க செலவு பண்றோம்ங்கறதையும் மாத்தலாம். உங்களுக்கு ஓட்டை இருக்கறது இந்த ரெண்டு இடத்துல தான்.

முதல்ல அந்த 700ஐ விடுங்க

உங்க சீனியர் எழுதின பரீட்சை வேற, நீங்க எழுத போறது வேற. அவர் காலத்து ஜிமேட் 200ல இருந்து 800 வரைக்கும், மார்க் எல்லாம் பூஜ்யத்துல முடியும். 2023 நவம்பர்ல புது வடிவம் வந்துச்சு, 2024 ஜனவரி 31 கடைசியா பழசை நிறுத்திட்டாங்க. இப்போ ஸ்கேல் 205ல இருந்து 805, எல்லாமே 5ல முடியும், அதாவது இந்த பரீட்சைல 700ங்கற மார்க்கே கிடையாது. பழைய 700 எந்த இடத்துல நின்னுச்சோ கிட்டத்தட்ட அந்த இடத்துல இப்போ நிக்கறது 645. நீங்க 595க்கும் 700க்கும் நடுவுல இருக்கற பள்ளத்தை பாத்து தூக்கம் கெட்டு கிடக்கீங்க, நிஜ பள்ளம் அதுல பாதி தான். நீங்க அப்ளை பண்ற ஸ்கூல் வெப்சைட்ல சராசரி போட்டிருந்தாலும் அது பழைய ஸ்கேலா புதுசானு பாத்துட்டு பயப்படுங்க.

கணக்கு போட்டு பாப்போம், உங்களுக்கு அது பிடிக்கும்ல. மூணு செக்‌ஷனுக்கும் ஒரே வெயிட், ஒவ்வொண்ணும் 60ல இருந்து 90. அப்படினா ஏதாவது ஒரு செக்‌ஷன்ல ஒரு பாயின்ட் ஏறினா மொத்தத்துல சுமார் 6, 7 பாயின்ட் ஏறும். வெர்பல் 76ல இருந்து 81க்கும், டேட்டா இன்சைட்ஸ் 79ல இருந்து 81க்கும் போச்சுனா குவான்டை தொடாமலே 645 பக்கம் வந்துடுவீங்க. டேட்டா இன்சைட்ஸை எதுக்கு இழுக்கறேன்னு கேக்கலாம். அதுலயும் படிக்கற வேலை நிறைய இருக்கு, மல்டி சோர்ஸ் ரீசனிங்னு ஒரு கேள்வி வகைல ரெண்டு மூணு டேப்ல இருக்கறதை படிச்சு கோக்கணும், டூ பார்ட் அனாலிசிஸ்ல சில சமயம் வர்றது அப்பட்டமான லாஜிக் கேள்வி. வெர்பல்ல கவனமா படிக்க பழகினா அங்கயும் ஒண்ணு ரெண்டு பாயின்ட் தானா வந்து சேரும்.

மூட்டை கட்டி பரண்ல போட வேண்டியது

அந்த 3000 வார்த்தை லிஸ்ட். அது ஜிஆர்ஈங்கற இன்னொரு நுழைவுத்தேர்வுக்கு உதவும், ஏன்னா அங்க வார்த்தையோட அர்த்தத்தை நேரடியா கேப்பாங்க, கோடிட்ட இடத்தை நிரப்ப சொல்லுவாங்க. ஜிமேட்ல வார்த்தைக்குனு தனி கேள்வியே இல்ல. ஆர்சி, அதாவது ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் பாசேஜ்ல ஒரு கஷ்டமான சயின்ஸ் வார்த்தை வந்தா ஒண்ணு பக்கத்து வரியிலயே விளக்கம் இருக்கும், இல்ல அதோட அர்த்தம் தெரியாமலே கேள்விக்கு பதில் போட்டுடலாம். லிஸ்ட்ல எத்தனை முடிச்சீங்கனு நான் கேக்கல, இன்னையோட நிறுத்துங்க அவ்ளோ தான்.

அந்த கிராமர் புக்கும் அதே கதி தான். வாக்கியத்துல தப்பை திருத்தற சென்டன்ஸ் கரெக்‌ஷன்ங்கற பகுதியையே புது பரீட்சைல இருந்து தூக்கிட்டாங்க, கட்டுரை எழுதறதும் போச்சு. இப்போ வெர்பல்ல இருக்கறது ரீடிங் காம்ப்ரிஹென்ஷனும் வாதத்தை அலசற கிரிட்டிக்கல் ரீசனிங்கும் (சிஆர்) மட்டும் தான், 23 கேள்வி, 45 நிமிஷம். நீங்க ஆறு வாரமா பார்ட்டிசிப்பிள் எங்க தொங்குதுனு தேடிட்டு இருந்திருக்கீங்க, படிச்சப்போ எனக்கே மனசு கஷ்டமா போச்சு. ஆனா சீனியர்கிட்ட பழைய ஆபீஷியல் கைடு இருந்தா அதை வாங்கிக்கோங்க, அதுல இருக்கற ஆர்சி, சிஆர் கேள்வி இன்னைக்கும் அப்படியே செல்லும், சென்டன்ஸ் கரெக்‌ஷன் பக்கங்களை ஒரு கிளிப் போட்டு மூடிட்டு மத்ததை போடுங்க. வெர்பலை பொறுத்த வரைக்கும் ஆபீஷியல் கேள்வி தவிர வேற எதையும் இந்த 18 நாள்ல தொடாதீங்க. குவான்ட்ல யார் எழுதின கணக்கா இருந்தாலும் கணக்கு கணக்கு தான், வெர்பல்ல தப்பான ஆப்ஷனை செதுக்கறது ஒரு கலை, கண்ட இடத்துல எடுத்த கேள்வில பழகினா உங்க காது கெட்டு போயிடும்.

ரெண்டு ஆப்ஷன்ல மாட்டிக்கற வியாதி

இது தான் விஷயமே, கொஞ்சம் நிதானமா பாப்போம். ரெண்டு ஆப்ஷன் வரைக்கும் வர்றீங்கனா புரிஞ்சு தான் படிக்கறீங்க, அதுல சந்தேகம் இல்ல. அந்த கடைசி ரெண்டுல நீங்க கேக்கற கேள்வி தான் தப்பு. "எது நல்லா இருக்கு, எது நியாயமா படுது"னு கேக்கறீங்க. அப்படி கேட்டா தப்பான ஆப்ஷன் தான் ஜெயிக்கும், ஏன்னா அதை எழுதினவங்க நியாயமா படற மாதிரி தான் எழுதிருப்பாங்க, அதுக்கு தானே சம்பளம்.

நானே ஒண்ணு எழுதறேன், போடுங்க. ஒரு கம்பெனி தன்னோட கஸ்டமர் சர்வீஸ் ஆளுங்களுக்கு புதுசா ஒரு ட்ரெயினிங் குடுத்துச்சு. அடுத்த 6 மாசத்துல வந்த புகாரோட எண்ணிக்கை அதுக்கு முன்னாடி 6 மாசத்தை விட 20 சதவீதம் குறைஞ்சுது. அதனால ட்ரெயினிங்கால சர்வீஸ் மேம்பட்டிருக்குனு மேனேஜர் சொல்றார். இந்த வாதத்தை எது அதிகமா பலவீனப்படுத்தும்?

ஏ: ட்ரெயினிங்குக்கு ஆன செலவு, புகார் குறைஞ்சதால மிச்சமான பணத்தை விட ரொம்ப அதிகம்.
பி: சில ஊழியர்களுக்கு ட்ரெயினிங் போர் அடிச்சுது.
சி: அந்த 6 மாசத்துல கம்பெனியோட கஸ்டமர் எண்ணிக்கை மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது.
டி: புகார் பண்றவங்க பெரும்பாலும் போன்ல தான் பண்றாங்க.

பியும் டியும் உடனே போயிடும். மாட்டறது ஏயிலயும் சியிலயும். உங்களை மாதிரி ஆபீஸ்ல பட்ஜெட் பாக்கற ஆளுக்கு ஏ தான் கண்ணுல படும், செலவு அதிகம்னா அப்புறம் என்ன ட்ரெயினிங், வேஸ்ட் தானேனு தோணும். தோணட்டும், தப்பில்ல, ஆனா மேனேஜர் சொன்னது என்ன? லாபம்னு சொன்னாரா? சர்வீஸ் மேம்பட்டுச்சுனு தான் சொன்னார். பணம் தண்ணியா செலவாகிருந்தாலும் சர்வீஸ் மேம்பட்டிருக்கலாம்ல, ஏ அவரோட வாதத்தை தொடவே இல்ல. இப்போ சியை பாருங்க. 100 கஸ்டமர் இருந்த இடத்துல 67 பேர், 100 புகார் இருந்த இடத்துல 80. ஆளுக்கு இத்தனைனு கணக்கு போட்டா புகார் குறையல, ஏறிருக்கு. வாதம் அடியோட சாஞ்சுது.

நீங்க அனுப்பின மூணு தப்பான சிஆர் கேள்வியை பாத்தேன், மூணுலயும் இதே கதை. முடிவுல என்ன சொல்லிருக்குனு பாக்காம, அந்த விஷயத்தை பத்தி உங்களுக்கு தெரிஞ்ச நிஜ உலக நியாயத்தை உள்ள கொண்டு வந்துட்டீங்க. வேலை அனுபவம் இருக்கறவங்களுக்கு இது அதிகம், காலேஜ் பசங்க இவ்ளோ மாட்ட மாட்டாங்க, அவங்களுக்கு சொந்த கருத்து கம்மி.

அதனால இனிமே ஒவ்வொரு சிஆர் கேள்வியும் படிச்சதும், ஆப்ஷனை பாக்கறதுக்கு முன்னாடி, முடிவு என்னனு ஒரே வரில உங்க சொந்த வார்த்தைல சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க, மனசுக்குள்ள தானே, யார் கேக்க போறா. "ட்ரெயினிங்கால சர்வீஸ் நல்லாச்சுங்கறான்." அப்புறம் எதை வச்சு சொல்றான்? "புகார் கொறஞ்சுதாம்." ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி எங்க? புகார் எண்ணிக்கைக்கும் சர்வீஸ் தரத்துக்கும் நடுவுல. இந்த இடைவெளி தெரிஞ்சா சி கூப்பிட்டு கை குடுக்கும். முதல் ரெண்டு மூணு நாள் இதுக்கே 40 செகண்ட் ஆகும், எரிச்சலா வரும், அப்புறம் 15 செகண்ட்ல வந்துடும்.

அசம்ப்ஷன் கேள்வினா, அதாவது வாதம் எதை சொல்லாம நம்பி நிக்குதுனு கேட்டா, இன்னொரு வழி இருக்கு, ரெண்டு ஆப்ஷன் மிஞ்சும்போது ஒண்ணொண்ணா எதிர்மறையா மாத்தி பாருங்க. மேல இருக்கற வாதத்துக்கு "கஸ்டமர் எண்ணிக்கை பெருசா குறையல"ங்கறது ஒரு ஆப்ஷன்னு வச்சுக்கோங்க. அதை "பெருசா குறைஞ்சுது"னு மாத்தினா வாதம் விழுது, அப்போ அது தேவையான அசம்ப்ஷன். "ட்ரெயினிங் எடுத்தவர் அனுபவசாலி"ங்கறதை மாத்தி "அனுபவம் இல்லாதவர்"னு போட்டா வாதம் அப்படியே தான் நிக்குது, அதனால அது இல்ல. எல்லா கேள்விக்கும் இதை பண்ண ஆரம்பிச்சீங்கனா நேரம் போயிடும், கடைசி ரெண்டுக்கு மட்டும்.

ஆர்சில நோய் ஒண்ணு தான், வேஷம் வேற. பாசேஜ்ல இருந்து எது உறுதியா தெரியுதுனு கேக்கற இன்ஃபரன்ஸ் கேள்வில நீங்க எடுத்த தப்பான பதில் எல்லாமே சுவாரஸ்யமான பதில். சரியான பதில் பெரும்பாலும் சப்புனு இருக்கும், "இதுக்காடா இவ்ளோ நேரம்"னு தோணும். பாசேஜ்ல "பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் இதை ஏத்துக்கிட்டாங்க"னு இருந்தா "சில ஆராய்ச்சியாளர்கள் ஏத்துக்கிட்டாங்க"ங்கறது சரி, "ஏத்துக்காதவங்களும் இருக்காங்க"ங்கறது உறுதி இல்ல, ஏன்னா லாஜிக்ல பெரும்பாலானங்கறது எல்லாரும்ங்கறதை விலக்காது. "ஒன்லி", "ஆல்வேஸ்", "நெவர்" மாதிரி வார்த்தை ஆப்ஷன்ல இருந்தா உடனே வெட்டணும்னு யாரோ சொல்லி குடுத்திருக்காங்க உங்களுக்கு, அதுவும் முழுசா சரியில்ல. பாசேஜே அவ்ளோ அழுத்தமா சொல்லிருந்தா ஆப்ஷனும் அப்படி இருக்கலாம். வெட்டறதுக்கு முன்னாடி இந்த வார்த்தைக்கு பாசேஜ்ல எந்த வரி சாட்சினு விரலை வச்சு காட்டுங்க, காட்ட முடியலைனா வெட்டுங்க.

கேள்வியை முதல்ல படிச்சுட்டு பாசேஜ்ல தேடறதா சொன்னீங்க. ஸ்கிரீன்ல ஒரு நேரத்துக்கு ஒரு கேள்வி தான் வரும், அடுத்தது என்னனே தெரியாது, அப்படி இருக்க அந்த டெக்னிக் எதுக்கு? பாசேஜை ஒரு தடவை ஒழுங்கா படிங்க, விவரத்தை மனசுல ஏத்த வேணாம், அது எங்க இருக்குனு தெரிஞ்சா போதும். ஒவ்வொரு பாரா முடிஞ்சதும் எழுதினவர் இந்த பாராவை எதுக்கு வச்சிருக்கார்னு நாலு வார்த்தை. "பழைய கருத்து. புது ஆதாரம் வந்துச்சு. ஆனா ஓட்டை இருக்கு." அவ்ளோ தான். "ஹவெவர்", "யெட்", "ஆல்தோ" வர்ற இடத்துல வண்டி திரும்புதுனு அர்த்தம், அங்க மட்டும் வேகத்தை குறைங்க. ஸ்பீட் ரீடிங் ஆப் ஒண்ணு டவுன்லோட் பண்ணிருக்கேன்னு எழுதிருந்தீங்களே, அதை அழிச்சுடுங்க.

ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்

முதல் 10 கேள்வி தான் முக்கியம்ங்கறது ரொம்ப வருஷமா சுத்தற கட்டுக்கதை. நீங்க போடற பதிலை பாத்து அடுத்த கேள்வியோட கஷ்டம் மாறுறது உண்மை தான், அதுக்காக முதல் பத்தோட ஆட்டம் முடிஞ்சுதுனு அர்த்தம் இல்ல. கடைசில வரிசையா தப்பு விட்டா ஸ்கோர் நல்லா அடி வாங்கும், முடிக்காம விட்டா அதுக்கு தனியா பெனால்டி. உங்க விஷயத்துல அந்த கட்டுக்கதையை நம்பியும் பலன் இல்ல பாருங்க, ஒரு கேள்விக்கு 2 நிமிஷம் 42 செகண்ட் குடுத்தும் முதல் பத்துல 3 போச்சு, அதுக்கு விலையா கடைசில கேள்விக்கு 83 செகண்ட் தான் மிஞ்சுச்சு.

நினைவு வச்சுக்க ரெண்டே நம்பர். 30 நிமிஷம் பாக்கி இருக்கறப்போ 8வது கேள்வில இருக்கணும், 15 நிமிஷம் பாக்கி இருக்கறப்போ 16வதுல இருக்கணும். ஒவ்வொரு கேள்விக்கும் கடிகாரத்தை பாக்காதீங்க, மண்டை காயும். புது பாசேஜோட வர்ற முதல் கேள்வி 3, 4 நிமிஷம் சாப்பிடும், அது சகஜம், அடுத்தடுத்த கேள்வில அதை திருப்பி எடுத்துடலாம்.

ஒரு சிஆர் கேள்வி ரெண்டரை நிமிஷம் தாண்டியும் பிடி குடுக்கலையா, ஒரு ஆப்ஷனை போட்டு புக்மார்க் பண்ணிட்டு நகருங்க. பதில் போடாம அடுத்த கேள்விக்கு போக முடியாது, ஆனா எல்லாம் முடிஞ்சு நேரம் மிச்சம் இருந்தா செக்‌ஷனுக்கு 3 பதில் வரைக்கும் மாத்தலாம், இந்த வசதியும் உங்க சீனியருக்கு இல்லாதது. ஆனா "இது சரியில்லையோ"ங்கற பயத்துக்காக மாத்தாதீங்க, எந்த வார்த்தையை தப்பா படிச்சோம்னு சொல்ல முடிஞ்சா மட்டும் மாத்துங்க. ஒரு மாக்குக்கு ரெண்டு கேள்வியை வேணும்னே இப்படி விட்டு பழகுங்க. நல்லா படிக்கற பசங்களுக்கு ஒரு கேள்வியை விடறது மானப்பிரச்சனை, பழகாம பரீட்சை அன்னைக்கு வராது.

இன்னொண்ணு, செக்‌ஷன் வரிசை உங்க இஷ்டம், நீங்க வெர்பலை ரெண்டு மாக்லயும் மூணாவதா வச்சிருக்கீங்க. குவான்டும் டேட்டா இன்சைட்ஸும் பிழிஞ்சு எடுத்த மூளையோட பாசேஜ் படிச்சா ஒரே வரியை நாலு தடவை படிப்பீங்க. அடுத்த மாக்ல வெர்பலை முதல்ல வச்சு பாருங்க, இல்ல குவான்ட், அப்புறம் அந்த 10 நிமிஷ பிரேக், அப்புறம் வெர்பல். எது ஒத்துவருதோ அதையே பரீட்சைக்கும் வச்சுக்கோங்க.

18 நாளை எப்படி ஓட்டறது

முதல் மூணு நாள் புது கேள்வியே வேணாம். ரெண்டு மாக்லயும் தப்பான வெர்பல் கேள்வி எல்லாத்தையும் எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி எழுதுங்க: நான் எடுத்ததை ஏன் எடுத்தேன், அது எந்த வார்த்தைல தப்பாகுது. "கவனக்குறைவு"னு மட்டும் எழுதாதீங்க, அது காரணமே இல்ல. என்கிட்ட வந்த ஒரு பொண்ணு தப்பை எல்லாம் குறிச்சு வைக்கற எரர் லாக்னு 200 வரி எக்செல்ல அழகா கலர் எல்லாம் அடிச்சு கொண்டு வந்தா, காரணம்ங்கற காலம் முழுக்க "சில்லி மிஸ்டேக்". ரெண்டு பேரும் உக்காந்து திரும்ப எழுதினோம், பாதிக்கு மேல ஒரே தப்பு தான், முடிவை விட்டுட்டு பக்கத்து விஷயத்துக்கு பதில் சொல்றது.

அதுக்கப்புறம் தினமும் 15 கேள்வி போதும், டைம் வச்சு, போட்டதை அலச போட்டதை விட அதிக நேரம். சரியா வந்த கேள்வியையும் அலசுங்க, குருட்டு அதிர்ஷ்டத்துல வந்ததா காரணம் தெரிஞ்சு வந்ததானு உங்களுக்கே தெரியும். குவான்டுக்கு வாரத்துல ரெண்டு நாள் தொட்டுக்கிட்டா போதும், துரு பிடிக்காம இருக்க. மாக் இன்னும் ரெண்டு எழுதுங்க, ஒண்ணு ஆறாவது ஏழாவது நாள், இன்னொண்ணு பரீட்சைக்கு நாலஞ்சு நாள் முன்னாடி. தினம் ஒரு மாக்னு ப்ளான் போட்டிருக்கீங்களே கடைசி வாரத்துக்கு, அது எடை குறையணும்னு மணிக்கு ஒரு தடவை மெஷின்ல ஏறி நிக்கற மாதிரி.

ராத்திரி 11 மணியையும் மாத்தணும். உங்க ஸ்லாட் காலைல 9க்குனு சொன்னீங்க. நாள் முழுக்க ஆபீஸ்ல உழைச்சுட்டு பாதி தூக்கத்துல ஆர்சி போட்டா வர்ற ஸ்கோரை வச்சு இங்கிலீஷ் வராதுனு முடிவு பண்றது நியாயமே இல்ல. ஆபீஸ் போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், முடிஞ்சா பரீட்சை நேரத்துக்கு பக்கத்துல. ராத்திரி அலசறதை மட்டும் வச்சுக்கோங்க, அதுவும் 10 மணியோட சரி.

தேதியை தள்ளலாமா

தள்ள முடியும், பரீட்சைக்கு 24 மணி நேரம் முன்னாடி வரைக்கும் மாத்தலாம், ஆனா தேதி நெருங்க நெருங்க கட்டணம் ஏறும். என் கருத்து, தள்ளாதீங்க. உங்க காலண்டரை பாருங்க, பரீட்சை முடிஞ்சு கடைசி தேதிக்கு ஒரு மாசம் இருக்கு. ஒரு தடவை எழுதினதுக்கு அப்புறம் 16 நாள் கழிச்சு திரும்ப எழுதலாம், 12 மாசத்துல 5 தடவை வரைக்கும் அனுமதி. அதாவது இப்போ எழுதினா உங்களுக்கு ரெண்டு வாய்ப்பு, தள்ளினா ஒண்ணே ஒண்ணு, அதுவும் கடைசி தேதி கழுத்தை பிடிக்கற நேரத்துல, அப்ளிகேஷன் கட்டுரையும் ரெகமென்டேஷனும் ஒரே சமயத்துல ஓடிட்டு இருக்கும்போது.

மோசமா வந்தா ஸ்கூலுக்கு தெரிஞ்சுடுமேனு பயப்படறீங்க. தெரியாது. இப்போ இருக்கற முறைல ஸ்கோரை பாத்துட்டு தான் எந்த ஸ்கூலுக்கு அனுப்பறதுனு நீங்க முடிவு பண்ணுவீங்க, அனுப்பாத ஸ்கோர் அவங்க கண்ணுல படாது. ஒரு சில ஸ்கூல் அப்ளிகேஷன் ஃபார்ம்ல எத்தனை தடவை எழுதினீங்கனு தனியா கேக்கலாம், அப்படி கேட்டா உண்மையை சொல்லிடுங்க, ரெண்டாவது தடவை எழுதினவனை யாரும் ஒதுக்க மாட்டாங்க. வந்த ஸ்கோர் 5 வருஷம் செல்லும், அதனால இந்த வருஷம் இல்லைனா அடுத்த வருஷமும் ஆகும்.

ஒரே ஒரு நிலைமைல தள்ளுங்கனு சொல்லுவேன். நாலஞ்சு நாள் முன்னாடி எழுதற மாக்ல வெர்பல் இன்னும் 76லயே நின்னு, கூடவே நேரமும் பழைய மாதிரியே முதல் பாதிலயே கரைஞ்சிருந்தா. நேரம் சரியாகி ஸ்கோர் மட்டும் 78ல நின்னா கவலைப்படாம போய் எழுதுங்க, பாதை சரினு அர்த்தம், மீதியை அந்த 16 நாள்ல பாத்துக்கலாம்.

அந்த பிடிஎஃப் விஷயம்

இதுல மட்டும் மென்மையா பேச மாட்டேன். வாங்காதீங்க. பரீட்சைக்கு முன்னாடி நீங்க ஒத்துக்கற விதிமுறைலயே கேள்வியை வெளில பகிர்றதும், அப்படி வந்ததை வாங்கறதும் தடைனு இருக்கு. 2008ல இப்படி நிஜ கேள்வியை வித்த ஒரு வெப்சைட் மேல ஜிமேட் நடத்தறவங்க போட்ட கேஸ்ல அமெரிக்க கோர்ட்ல ஜெயிச்சாங்க, அதோட விடல, அதுல சேர்ந்து அந்த கேள்விகளை பயன்படுத்தினவங்களையும் தேடி ஸ்கோரை கேன்சல் பண்ணாங்க, ஸ்கூலுக்கும் தகவல் போச்சு. நீங்க பணம் அனுப்பின தடம் அழியாது. விக்கறவர்கிட்ட இருக்கறது நிஜ கேள்வியே இல்லாம பழைய புக்ல இருந்து எடுத்து ஒட்டினதா இருக்கவும் நிறைய வாய்ப்பு, அப்படி இருந்தா காசு மட்டும் போகும், அது நல்ல முடிவு.

அவ்ளோ தான் தம்பி. இன்னைக்கு ராத்திரி ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. அந்த 8 தப்புல, நேரம் இருந்தும் சரியா வராத 3 கேள்வி இருக்குல்ல, அதை மட்டும் எடுத்து நான் சொன்ன ரெண்டு வரியை எழுதி எனக்கு அனுப்புங்க. அந்த 5 கடிகாரத்தோட தப்பு, இந்த 3ல தான் நீங்க எப்படி யோசிக்கறீங்கனு எனக்கு தெரியும்.